வாப்பாவின் இரண்டாவது வயலும் ஏ.டி.ஆர் இருக்கையும்

சம்மாந்துறையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன். வயது 24. ரத்மலானையில் படித்து வணிக விமானி உரிமம் எடுத்து ஒன்பது மாதம் ஆகிறது. பறந்த நேரத்தை எழுதும் லொக் புக்கில் 215 மணி. இரட்டை எஞ்சின் தகுதியும், வெளியே ஒன்றும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் கருவிப் பறப்புத் தகுதியும் இருக்கின்றன. படிப்புக்காக வாப்பா ஒரு வயலை விற்றுவிட்டார். இப்போது கையில் இரண்டு வாய்ப்பு. ஒன்று, உள்நாட்டில் செஸ்னா கரவன் என்ற சின்ன ஒற்றை எஞ்சின் விமானத்தை வைத்து, கேட்பவர்களுக்கு வாடகைக்குப் பறக்கும் சார்ட்டர் நிறுவனம். துணை விமானி வேலை, அந்த விமானத்துக்கான பயிற்சி அவர்கள் செலவு, சம்பளம் குறைவு, ஆட்கள் வராத மாதங்களில் அடிப்படைச் சம்பளம் மட்டும். மற்றது வெளிநாட்டில் ஒரு பிராந்திய எயார்லைன். ஏ.டி.ஆர் 72 என்ற இரட்டை விசிறிப் பயணிகள் விமானத்தில் துணை விமானி, ஆனால் டைப் ரேட்டிங்குக்கு, அதாவது அந்த ரக விமானத்தை ஓட்டும் தகுதிக்கு, 25,000 டொலரை இவரே கட்ட வேண்டும், அதற்கு மேல் மூன்று வருட பொண்ட், அதாவது இடையில் விலகினால் காசு கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம். "வாப்பா இரண்டாவது வயலையும் ஈடு வைக்கத் தயார் என்கிறார். சார்ட்டருக்குப் போனால் சின்ன விமானத்திலேயே காலம் போய்விடும் என்று கூடப் படித்தவர்கள் சொல்கிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டும். எதை எடுப்பது அண்ணா?"

தம்பி, உங்களுக்கு நாள் குறைவு, அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டும் காசில்லாமல் கிடைத்திருந்தால் ஏ.டி.ஆரை எடுங்கள் என்று ஒரே வரியில் பதில் எழுதியிருப்பேன். உங்களுக்கு அது அப்படிக் கிடைக்கவில்லை. ஆகவே சார்ட்டரை எடுங்கள், அதுவும் கீழே நான் எழுதும் இரண்டு கேள்விக்கு அங்கிருந்து ஒழுங்கான பதில் கிடைத்தால் மட்டும். கிடைக்காவிட்டால் இரண்டையும் விட்டுவிட்டு இன்னும் ஆறு மாதம் பொறுத்திருங்கள். வயலை மட்டும் தொடாதீர்கள்.

நான் மட்டக்களப்பு, கல்லடிக்காரன். பறக்கத் தொடங்கி 19 வருடம். முதல் ஆறு வருடம் சார்ட்டரில் கரவன், பிறகு மாலைதீவில் கடல் விமானம், இப்போது ஏ.டி.ஆரில் கப்டன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன் என்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை எடுத்துவிடுவோம். நீங்கள் கடிதத்தில் அமெரிக்க விமானிகள் பேசும் காணொளிகளைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள், "முதலில் சார்ட்டர், பிறகு ரீஜனல், பிறகு பெரிய எயார்லைன்" என்று அவர்கள் ஏணி மாதிரி சொல்கிறார்கள். அந்த ஏணி அவர்கள் நாட்டுச் சட்டத்தால் வந்தது. 2009 பெப்ரவரி 12 அன்று நியூயோர்க் மாநிலத்தில் பஃபலோ நகருக்குப் பக்கத்தில் கோல்கன் எயார் 3407 விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே சட்டம் மாறி, 2013 முதல் எயார்லைன் துணை விமானிக்கும் பொதுவாக 1500 மணி வேண்டும் என்றாகிவிட்டது. 250 மணியோடு படித்து முடித்த பிள்ளை 1500 வரை எங்கேயாவது பறந்துதானே ஆக வேண்டும்? அதனால் அங்கே சார்ட்டர் ஒரு பாலம். அங்கேயும் சார்ட்டரில் பொறுப்பு விமானியாக இருக்க, வெளியே பார்த்துப் பறக்கும் கண்பார்வைப் பறப்புக்கு 500 மணியும் கருவிப் பறப்புக்கு 1200 மணியும் கேட்கிறார்கள். நம் பக்கத்தில், தெற்காசியாவிலும் வளைகுடாவிலும், 200 மணிக்காரரை எயார்லைன் நேராகவே துணை விமானியாக எடுக்கலாம். ஆகவே அவர்களுடைய ஆலோசனையை அப்படியே தூக்கி மட்டக்களப்பில் வைத்தால் பொருந்தாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எனக்கு மனதுக்கு நெருக்கமான விஷயம். கோல்கன் விமானத்தின் இரண்டு விமானிகளுக்கும் அன்றைக்கே 1500க்கு மேல் மணி இருந்தது. மணி போதாமல் அது விழவில்லை. வேகம் குறைந்து விமானம் எச்சரித்தபோது கப்டன் முன்னால் தள்ள வேண்டிய விமானப் பிடியைப் பின்னால் இழுத்தார். துணை விமானி சியாட்டிலில் இருந்து இரவு முழுக்கப் பயணம் செய்து வேலைக்கு வந்திருந்தார். பயிற்சியும் களைப்பும் சேர்ந்த விஷயம் அது. லொக் புக்கின் கடைசி வரியில் இருக்கும் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்து வேலை தேடாதீர்கள் என்று நான் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சரி, நம்மூருக்கு வருவோம். அமெரிக்காவில் சொல்கிற மாதிரியான பிராந்திய எயார்லைன் இலங்கைக்குள் இப்போது இல்லை. சினமன் எயார் 2013 முதல் கரவன் விமானங்களை நேர அட்டவணைப்படியும் பறக்கிறது, முழு விமானத்தையும் வாடகைக்கும் விடுகிறது, மட்டக்களப்பு விமான நிலையம் இருக்கும் திமிலைதீவுக்கு வந்து போவதும் அதில் அடக்கம். அதாவது அதே விமானம், அதே விமானிகள், காலையில் அட்டவணைச் சேவை, பின்னேரம் சார்ட்டர். ஏ.டி.ஆரைப் பார்க்க வேண்டுமானால் யாழ்ப்பாணத்தில் பலாலி விமான நிலையத்துக்குப் போக வேண்டும், சென்னையிலிருந்து 2019இல் அலையன்ஸ் எயாரும் 2024இல் இண்டிகோவும் அங்கே ஏ.டி.ஆர் 72ஐத்தான் கொண்டு வந்தன. மாலைதீவில் சின்ன விமானமும் ஏ.டி.ஆரும் நிறைய உண்டு. ஆக, சார்ட்டரா ரீஜனலா என்ற கேள்வி நமக்கு நாட்டுக்குள் இருப்பதா வெளியே போவதா என்ற கேள்வியும்தான், உங்கள் கடிதத்தில் நீங்கள் அதைத் தொடவேயில்லை. உம்மாவுக்குச் சுகமில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அந்த வரியையும் கணக்கில் சேருங்கள்.

கரவனில் வேலை எப்படி இருக்கும் தெரியுமா? நீங்கள் விமானி மட்டுமில்லை. பெட்டி நிறுப்பீர்கள், ஆட்களை நிறுப்பீர்கள், யாரை எங்கே இருத்துவது என்று பாரக் கணக்கு பார்ப்பீர்கள், எண்ணெய் எவ்வளவு என்று கணக்கு, பறப்புத் திட்டம், பெல்ட் எப்படிப் போடுவது என்று பயணிகளுக்குக் காட்டுவது, ஏணியைப் பிடிப்பது, எல்லாம் நீங்கள். பாசிக்குடாவுக்கு வந்த குடும்பத்தை இறக்கிவிட்டுத் திரும்பக் கூட்டிப் போகும்வரை நாலு மணித்தியாலம் இறக்கையின் நிழலில் இருப்பீர்கள், கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அந்த நிழலும் சுடும். இரவு ஒன்பதரைக்குப் போன் வரும், காலை ஆறு மணிக்குக் கட்டுநாயக்க சர்வதேச விமான நிலையத்தில் நிற்க வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர் வரை ஆட்கள் வருவார்கள், பிறகு மாரி, ஓட்டம் தெற்குக்கும் மேற்குக்கும் மாறும். முதல் வருடம் எனக்கு 310 மணிதான் கிடைத்தது. காசு கஷ்டம் என்றால் உண்மையான கஷ்டம். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகும், 2020 கொரோனாவிலும், 2022இல் எண்ணெயும் டொலரும் இல்லாமல் போனபோதும் உல்லாசப் பயணிகள் வரவு விழுந்தது, மூன்று முறையும் முதலில் நின்றது சார்ட்டர்தான். மாலைதீவும் 2020 மார்ச் கடைசியிலிருந்து ஜூலை 15 வரை உல்லாசப் பயணிகளுக்குக் கதவடைத்தது, நான் அப்போது வீட்டில் இருந்து வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் பயமுறுத்தச் சொல்லவில்லை. இந்த வேலை ஒரு விமானியைச் செய்து எடுக்கிற விதத்தை வேறு எதிலும் நான் பார்க்கவில்லை. பாரக் கணக்கைத் தாளில் படிப்பது வேறு, பின் வரிசையில் இரண்டு பாரமான ஆட்களை இருத்தியபோது வால் எப்படி இறங்குகிறது என்று கண்ணால் பார்ப்பது வேறு. வானிலை அறிக்கையை வாசிப்பது வேறு, மேற்கே மலைவரிசை தெரிகிறதா இல்லையா என்று நெஞ்சுக்குள் பார்ப்பது வேறு.

ஏ.டி.ஆரில் உங்களைச் சுற்றி ஒரு முழு அமைப்பே நிற்கும். ரோஸ்டர், அதாவது வேலை அட்டவணை, முதலே வரும், பாரக் கணக்கை வேறொருவர் செய்து தருவார், ஒவ்வொரு சொல்லும் சரிபார்ப்புப் பட்டியலில் எழுதியிருக்கும், வருடத்துக்கு இரண்டு முறை பரீட்சை, பெரும்பாலும் சிமியுலேட்டரில், எஞ்சின் நிற்கும், நெருப்புப் பிடிக்கும், நீங்கள் வியர்ப்பீர்கள், யாருக்கும் ஒன்றும் ஆகாது. 215 மணிக்காரருக்கு இது பெரிய பாதுகாப்பு, நான் இரண்டும் இலவசமென்றால் இதை எடுக்கச் சொன்னதற்குக் காரணமும் இதுதான். ஆனால் பெரிய விமானம் என்பதால் தானாகப் பாதுகாப்பு வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 2023 ஜனவரி 15 அன்று நேபாளத்தில் பொக்காராவில் இறங்கப் போன ஏ.டி.ஆர் விழுந்து 72 பேரும் இறந்தார்கள், இறக்கையின் பின் தகடான ஃபிளாப்பின் நெம்புகோலை நகர்த்த வேண்டிய கை பக்கத்தில் இருந்த நெம்புகோல்களை இழுத்து, இரண்டு விசிறியும் இழுவிசை தராமல் போயின. கொக்பிட்டில் இரண்டு பேர் இருந்தார்கள், இரண்டு பேருமே நேரத்தில் கவனிக்கவில்லை. எந்த விமானத்தில் ஏறினாலும் பக்கத்து இருக்கையில் யார், அவர் உங்களுக்கு என்ன சொல்லித் தருகிறார், நீங்கள் ஒன்றைச் சொன்னால் அவர் கேட்பாரா, இதுதான் கேள்வி.

இனி நான் சொன்ன அந்த இரண்டு கேள்வி.

முதல் கேள்வி: "துணை விமானியாக நான் பறக்கிற மணியை எப்படி எழுதுவீர்கள், சிவில் விமான சேவைகள் அதிகார சபை அதை முழுதாக ஏற்கிறதா?" இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். கரவன் ஒற்றை விமானிக்கென்று சான்றளிக்கப்பட்ட விமானம். அப்படிப்பட்ட விமானத்தில் துணை விமானி இருக்க வேண்டும் என்று ஒரு நாடு கேட்டால், அந்தத் துணை விமானியின் நேரத்தில் பாதிக்கு மேல் உயர்ந்த உரிமத்துக்கான கூட்டுத்தொகையில் சேராது, இது ஐகாவோ என்ற சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் முதலாம் இணைப்பில் இருக்கிற பொது விதி. விமானம் இரண்டு பேர் ஓட்டுவதற்கு ஏற்றபடி இருந்து, இயக்கமும் இருவர் இயக்கமாக இருந்தால் முழுதாக ஏற்கலாம் என்று அந்த நாட்டு அதிகார சபை அனுமதிக்க முடியும். அந்த அனுமதி இருக்கிறதா என்பதுதான் உங்கள் கேள்வி. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எயார்லைன் போக்குவரத்து விமானி உரிமத்துக்கு 1500 மணி, உங்களிடம் 215, குறைவது 1285. வருடத்துக்கு 400 மணி பறந்து முழுதாகச் சேர்ந்தால் மூன்று வருடம் கொஞ்சம். அதே 400 மணி பாதியாகச் சேர்ந்தால் ஆறரை வருடத்துக்குப் பக்கம். ஏ.டி.ஆரில் 800 பறந்தால் ஒரு வருடம் எட்டு மாதத்துக்குள் முடியும், பெரும்பாலான நாடுகளில் வருடத்துக்கு 900 அல்லது 1000 மணிதான் உச்சவரம்பு. ஒரே ஒரு வரி அனுமதி உங்கள் வாழ்க்கையில் மூன்று வருடத்தை வைக்கும் அல்லது எடுக்கும். இதைக் கேட்காமல் சேர்ந்து, நாலு வருடம் கழித்து லொக் புக்கைத் தூக்கிக்கொண்டு போய்க் கண்கலங்கி நின்ற ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும்.

அதே உரிமத்துக்கு 100 மணி இரவுப் பறப்பும் 75 மணி கருவிப் பறப்பும் வேண்டும். கடல் விமானத்தில் இரவு மணி வரவே வராது, தண்ணீரில் பகலில்தான் இறங்குகிறோம். மாலைதீவில் நான் சேர்த்த மணி எவ்வளவோ, அதில் இரவு மணி பூச்சியம். ஆகவே சார்ட்டர் நிறுவனம் தரை ஓடுபாதையில் எவ்வளவு பறக்கிறது, தண்ணீரில் எவ்வளவு என்றும் கேளுங்கள்.

இரண்டாவது கேள்வி இதைவிடப் பெரியது. "கடைசியாக ஒரு கப்டன் வானிலைக்காகப் பறப்பை நிறுத்தியது எப்போது, மறுநாள் என்ன நடந்தது?" இதை முதலாளியிடம் கேட்க வேண்டாம், அங்கே பறக்கிற ஒரு விமானியைத் தேடிப் பிடித்துத் தேநீர் வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். எனக்கு இரண்டாவது வருடம், கார்த்திகை மாதம், வாடை தொடங்கிவிட்டது. பாசிக்குடாவிலிருந்து வந்த ஐந்து பேரைத் திமிலைதீவில் ஏற்றிக் கட்டுநாயக்கவுக்குக் கொண்டு போக வேண்டும், இரவு அவர்களுக்கு லண்டன் விமானம். மாலை மூன்றரை. என் கப்டன் குருநாகல்காரர், விமானப்படையில் இருந்து வந்தவர், அதிகம் கதைக்க மாட்டார். ஓடுபாதை ஓரத்தில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டே இருந்தார். அங்கே மலை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை, சாம்பல் சுவர் ஒன்று நின்றது. கரவனில் அறைக்குள் காற்றழுத்தம் கிடையாது, அந்த முகிலுக்கு மேலே ஏறிப் போக வழியில்லை, ஊடே போகவும் கூடாது, சுற்றிப் போனால் எண்ணெயும் வெளிச்சமும் தீரும். இரண்டு இடத்துக்குப் போன் எடுத்தார். பிறகு என்னிடம் "இன்றைக்கு இல்லை, வா, சொல்லுவோம்" என்றார். பயணிகளிடம் என்னை அனுப்பவில்லை, தானே போனார். அவர்களில் வயதான அம்மாவுக்கு முன்னால் குந்தி இருந்து, என்ன தெரிகிறது, ஏன் போக முடியாது, வேனில் போனால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்று மெதுவாகச் சொன்னார். ஒருவர் கத்தினார். ஒருவர் காசு கூடத் தருவதாகச் சொன்னார். வேன் வந்து வாழைச்சேனை, பொலன்னறுவை வழியாக அவர்கள் போனார்கள், லண்டன் விமானத்தைத் தவறவிட்டார்கள். மறுநாள் முதலாளி கப்டனைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்டார், அவர் நாலு வரியில் சொன்னார், முதலாளி பயணிகளின் ஹொட்டேல் செலவைக் கட்டினார், கதை முடிந்தது. ரோஸ்டரில் ஒரு மாற்றமும் இல்லை. அந்த ஒரு பின்னேரம் எனக்குத் தந்ததை இதுவரை நான் இருந்த எந்த சிமியுலேட்டரும் தரவில்லை.

அடுத்து நான் போன இடத்தில் பறப்பை நிறுத்தியவருக்கு மூன்று வாரம் பறப்பு கிடைக்காது. யாரும் எழுதி வைத்த விதி இல்லை, எல்லோருக்கும் தெரியும். அங்கே ஒரு நாள், அப்போது கப்டன் நான், போகக் கூடாத ஒரு முகிலுக்குள் போனேன். சில நிமிடம்தான். எது மேல் எது கீழ் என்று உடம்பு சொல்வதும் கருவி சொல்வதும் வேறு வேறாக இருந்த சில நிமிடம். கருவியை நம்பினேன், இறங்கினேன். பயணிகள் கை தட்டினார்கள். மானேஜர் தோளில் தட்டிக் கொடுத்தார். அன்றைக்கு இரவு நான் தூங்கவில்லை, அடுத்த மாதம் அந்த வேலையை விட்டேன். அந்தக் கைதட்டலை நினைத்தால் எனக்கு இன்றும் பயம்தான்.

கோபி பிரையன்ட் என்ற கூடைப்பந்து வீரர் இறந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், 2020 ஜனவரி 26, கலிபோர்னியாவில், சார்ட்டர் ஹெலிகொப்டர், ஒன்பது பேர். விமானி கண்பார்வைப் பறப்பில் இருந்துகொண்டு முகிலுக்குள் ஏறித் திசை தடுமாறினார் என்று அந்நாட்டு விசாரணைச் சபை சொன்னது. என்னை உறைய வைத்தது அடுத்த வரி: வாடிக்கையாளரோ நிறுவனமோ அவரை நெருக்கியதற்கு ஆதாரம் இல்லை, அந்த நெருக்கடியை அவரே தனக்குள் உண்டாக்கிக்கொண்டிருக்கலாம். தெரிந்த வாடிக்கையாளர், நல்ல உறவு, ஏமாற்றக் கூடாது என்ற எண்ணம். சார்ட்டரில் பயணியின் முகம் உங்களுக்கு ஒரு முழத் தூரத்தில் இருக்கும், ஏ.டி.ஆரில் நடுவில் ஒரு கதவு இருக்கும். நீங்கள் நல்ல பிள்ளை, வந்தவரைச் சந்தோசப்படுத்தி அனுப்ப வேண்டும் என்று வளர்க்கப்பட்டவர், அந்தக் குணம் கொக்பிட்டில் உங்களை இழுக்கும். அதனால்தான் உங்கள் முதல் 500 மணியை "இல்லை" என்று சொல்லப் பழகிய ஒரு கப்டனுக்குப் பக்கத்தில் செலவழிக்க வேண்டும் என்கிறேன்.

ஒரு சின்ன விஷயம்: சேர்வதற்கு முன் அந்த நிறுவனத்தின் விமான இயக்குநர் சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா, அதில் அந்த விமானத்தின் பதிவு இருக்கிறதா என்று சிவில் விமான சேவைகள் அதிகார சபையில் விசாரியுங்கள். 2019இல் கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவை ஏற்றிக்கொண்டு கடலில் விழுந்த விமானத்தின் விமானியிடம் வணிக உரிமமே இருக்கவில்லை.

இனி அந்த 25,000 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தாலே 75 இலட்சம். சம்மாந்துறையில் ஒரு வயல் பெரும்போகம் சிறுபோகம் இரண்டும் சரியாக விளைந்தால் ஒரு குடும்பத்துக்கு என்ன தரும் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அது ஈட்டில் போனால் வட்டி விளைச்சலைப் பார்த்து வராது, மாதம் பார்த்து வரும். துணை விமானிச் சம்பளத்தின் முதல் இரண்டு வருடம் அந்த வட்டிக்கே போகும்.

எனக்கு இதில் உறுத்துவது வேறொன்று. பொண்ட் எதற்காக வந்தது? நிறுவனம் தன் காசைச் செலவழித்து உங்களைப் பயிற்றுவித்தால், நீங்கள் அடுத்த மாதம் ஓடிவிடக் கூடாது என்று தன் காசைக் காப்பாற்றுவதற்கு. நியாயம்தான். இங்கே செலவழிப்பது உங்கள் வாப்பா. அப்படியானால் மூன்று வருடம் உங்களைக் கட்டிவைத்து அவர்கள் எந்தக் காசைக் காப்பாற்றுகிறார்கள்? இந்தக் கேள்வியை அவர்களிடமே மரியாதையாகக் கேளுங்கள். டைப் ரேட்டிங் காசை நீங்கள் கட்டினால் பொண்ட் வேண்டாம், பொண்ட் வேண்டுமானால் காசை அவர்கள் கட்டட்டும், அல்லது சம்பளத்தில் மாதாமாதம் கழிக்கட்டும். இதற்கு ஒத்துவந்தால் என் பதில் முழுக்க மாறும், ஏ.டி.ஆருக்கே போங்கள் என்பேன்.

அப்படி ஒத்துவந்தாலும் தாளை வாசிக்காமல் கையெழுத்து வேண்டாம். மூன்று வருடம் எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது, சேர்ந்த நாளிலிருந்தா, பயிற்சி முடிந்து தனித் துணை விமானியாக விடப்பட்ட நாளிலிருந்தா? இதில் எட்டு மாதம் போய்விடலாம். தொகை மாதத்துக்கு மாதம் குறைகிறதா, இல்லை கடைசி நாள் வரை முழுத் தொகையும் நிற்கிறதா? மருத்துவச் சான்றிதழ் போனால், அல்லது அவர்களே ஆட்களைக் குறைத்தால் யார் யாருக்குக் கட்டுவது? மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா? திகதி போடாத காசோலை கேட்கிறார்களா? வாப்பாவின் கையெழுத்து உத்தரவாதமாக வேண்டுமா? கல்முனையில் ஒரு சட்டத்தரணியிடம் கொடுத்து ஒரு பின்னேரம் இருந்து வாசித்துக்கொள்ளுங்கள், அந்தக் கட்டணம் வீண் போகாது. வேலை உறுதி என்று எழுத்தில் இல்லாமல் டைப் ரேட்டிங்குக்கு மட்டும் காசு கட்டிவிட்டு, பறக்காமலே அந்தத் தகுதியைக் காலாவதியாக்கி வீட்டில் இருக்கும் மூன்று பேரை எனக்கு நேரில் தெரியும். மூன்று பேருமே உங்களைவிடக் கெட்டிக்காரர்கள்.

"சின்ன விமானத்திலேயே காலம் போய்விடும்" என்ற பயத்துக்கு வருகிறேன். அது உண்மையாக நடப்பதுண்டு, விமானத்தால் நடப்பதில்லை. சார்ட்டரில் இரண்டு வருடம் போனதும் வேலை பழகிவிடும், கடல், வெயில், தெரிந்த முகங்கள், பரீட்சைப் புத்தகத்தைத் திறக்க மனம் வராது. ஆகவே உயர் உரிமத்துக்கான எழுத்துப் பரீட்சைகளை இந்த வருடமே தொடங்குங்கள், மாரி மாதங்களில் பறப்பு குறையும், அப்போது படியுங்கள், நான் செய்யாமல் விட்டது இது. கருவிப் பறப்புத் தகுதியைக் காலாவதியாக விடாதீர்கள், எயார்லைன்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான். ஆங்கிலத் தேர்ச்சியில் நிலை 4 இருந்தால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்பத் தேர்வுக்குப் போக வேண்டும், நிலை 5க்கு ஆறு வருடம், முயற்சி செய்து 5 எடுத்துவிடுங்கள். லொக் புக்கை ஒவ்வொரு இரவும் எழுதி, கப்டனின் கையெழுத்தை அந்த வாரமே வாங்குங்கள். இரண்டு வருடம் முடியும்போது டர்பைன் எஞ்சினில் 700, 800 மணியும், மழையில் நின்று முடிவெடுத்த அனுபவமும், கடனில்லாத கையும் இருந்தால், டைப் ரேட்டிங்கைத் தாங்களே கட்டி எடுக்கிற நிறுவனங்களிடம் நீங்கள் நிமிர்ந்து இருந்து கதைக்கலாம். 26 வயது ஒரு வயதா தம்பி? நான் ஏ.டி.ஆரில் முதல் முறை ஏறியபோது எனக்கு 34.

வாப்பாவிடம் நீங்கள்தான் கதைக்க வேண்டும். அவர் ஈடு வைக்கத் தயார் என்று சொன்னது உங்கள் மேல் இருக்கிற பாசம், அது விமானத் துறையைப் பற்றிய கணிப்பு இல்லை. "வேண்டாம் வாப்பா, இந்த வேலைக்கு வயல் தேவையில்லை" என்று நீங்கள் சொல்லக் கேட்டால் அவர் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவார்.

வியாழக்கிழமைக்குள் அந்த சார்ட்டர் நிறுவனத்தில் பறக்கிற ஒருவரைப் பிடித்துவிடுங்கள். மணி எழுதுவது பற்றிய கேள்வியை நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள், போனில் சொல்வது போதாது. எயார்லைனுக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் அழைத்து, பொண்டையும் காசையும் பற்றி நான் எழுதியதைக் கேட்டு, இரண்டு வாரம் அவகாசம் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். பொண்ட் தாளின் பிரதியைப் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் மறைத்து எனக்கு அனுப்புங்கள், ஞாயிறு எனக்குப் பறப்பு இல்லை, வரிக்கு வரி வாசித்துப் பதில் எழுதுகிறேன்.